பொலோனிய அடுக்களை

இத்தாலி நாட்டின் வடபாகத்திலுள்ள பொலோனியா மாநகரில், வர்த்தக சங்கத்தின் மாளிகையிலே ஒரு சிறு பேழை பேணி வைக்கப்பட்டிருக்கின்றது. அதனைத் திறந்து பார்ப்பவர் உள்ளே ஒரு பொன் நாடாவைக் காண்பர். அது மன்னர் எவரும் அணிந்த அணியன்று. போரில் வென்று கொணர்ந்த பொருளுமன்று. கோதுமை மாவையும் முட்டையையும் பிசைந்து, தகடாகத் தேய்த்து, நீளவாக்கில் அரிந்து ஆக்கும் 'தாலியத்தெல்லே' என்னும் உணவுக்கு அளவு காட்டுவதற்காக, 1972ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 16ஆந் திகதி வைக்கப்பட்ட அளவுகோல் அது. வெந்தபின் அந்நாடாவின் அகலம் 8 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். நகரின் நடுவே நிற்கும் அசினெல்லிக் கோபுரத்தின் உயரத்தை 12,270 கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறு அவ்வகலத்துக்குச் சமம் என்றும் கணக்கிட்டிருக்கின்றனர்.

இதனைக் கேட்கும் நேயர்கள் நகைக்கக்கூடும். உண்ணும் பண்டத்துக்குப் பொன்னில் ஓர் அளவு வேண்டுமோ என்று வினவவுங் கூடும். பொலோனியா விளையாட்டுப் பேச்சுக்குரிய ஊரன்று. அங்குள்ள பல்கலைக்கழகம் தன் தோற்றத்தை 1088ஆம் ஆண்டிலிருந்து எண்ணுகின்றது. ஐரோப்பாவின் சட்டக் கல்வி தழைத்த இடம் அது. அந்நகருக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்களுள் 'கற்றவள்' என்பது ஒன்று. 'கொழுத்தவள்' என்பது மற்றொன்று. கல்வியையும் உணவையும் ஒரே மதிப்பில் வைத்துப் போற்றிய ஊரார், சட்டத்தின் முறையையே அடுக்களைக்கும் கொண்டுவந்தனர் என்பதில் வியப்பில்லை.

பொன் நாடா வைக்கப்பட்டுப் பத்தாண்டு கழிந்தபின், 1982ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 17ஆந் திகதி, இத்தாலிய சமையற் கழகத்தார் நொத்தாரிசு முன்னிலையில் இன்னுமோர் ஏட்டினை அதே வர்த்தக சங்கத்திற் பதிவு செய்தனர். அந்நாடாவின் மேல் இட்டு உண்ணும் இறைச்சிக் குழம்பினை ஆக்கும் முறை அவ்வேட்டிலே கூறப்பட்டது. 'ராகூ' என்பது அக்குழம்பின் பெயர். மாட்டிறைச்சியை நுணுக்கிப் பாலும் தக்காளியும் சேர்த்து நெடுநேரம் காய்ச்சி எடுக்கும் அக்குழம்பு, குழைந்து, வழவழத்து, நாடாவோடு நாடாவாக ஒட்டி நிற்கும். பொலோனியாவின் இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவுக்கு நெடுங்காலமாக உரியது அது. தேவாலய மணி ஒலிக்குமுன் அடுப்பேறிய சட்டி, வழிபாடு முடிந்து வீட்டார் திரும்பும்போதும் அடுப்பிலேயே இருக்கும் என்பர்.

வானொலி நேயர்களுள் மாட்டிறைச்சியை உண்ணாதார் பலர். இறைச்சி எதனையுமே தீண்டாதாரும் உளர். அவர்களுடைய நோன்புக்கு மாறாக ஏதும் இங்கே கூறப்படுவதில்லை. அயலவர் அடுக்களையை எட்டிப் பார்ப்பது, அங்கு வேகும் பொருளைத் தானும் உண்பதற்காக மட்டுமன்று. அங்குள்ளார் தம் வாழ்வை எவ்வாறு நடத்துகின்றனர் என்று அறிதற்காகவும் ஆகும். இந்தக் குழம்பின் கதையிலே ஒரு நிலத்தின் இயல்பும், ஒரு நூலின் வரலாறும், பெயரறியாப் பல பெண்களின் கைத்திறனும் கலந்திருக்கின்றன.

முதலில் நிலத்தை நோக்குவோம். பொலோனியா அமைந்திருப்பது போ ஆற்றின் பெருவெளியில். தென்னித்தாலியின் வறண்ட குன்றுகளில் ஒலிவ மரம் தழைத்தது, கடுங்கோதுமை விளைந்தது. அக்கோதுமையின் ரவையை நீர் விட்டுப் பிசைந்து, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, ஆண்டு முழுதும் வைத்து உண்டனர் நேப்பிள்சு நாட்டார். போ வெளியிலோ நீர்வளம் மிகுதி, புல் மிகுதி, பசு மிகுதி. ஆதலின் பாலும் வெண்ணெயும் பாற்கட்டியும் அந்நிலத்தின் செல்வமாயின. அங்கு விளைவது மென்கோதுமை. மென்கோதுமை மாவுக்கு உறுதி குறைவு. அவ்வுறுதியை முட்டை கொடுத்தது. தென்னாட்டின் உலர் பாஸ்தாவும் வடநாட்டின் முட்டைப் பாஸ்தாவும் இவ்வாறே இருவேறு மரபாயின.

மாடு அங்கு இறைச்சிக்காக மட்டும் வளர்க்கப்பட்டதன்று. ஏரிழுத்தும் வண்டியிழுத்தும் உழைத்த மாடு, முதுமையுற்ற பின்னரே கசாப்புக் கடைக்கு வந்தது. அத்தகைய விலங்கின் இறைச்சி நார் மிகுந்து கடினமாயிருக்கும். மென்மையான பகுதி செல்வர் வீட்டுக்குச் செல்ல, எளியோர் வீட்டுக்கு வந்தது மலிவான பகுதியே. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரித்து நிற்கும் உதரவிதானத் தசையையே பொலோனியர் 'கார்த்தெல்லா' என்று கூறி, ராகூவுக்கு அதனை விரும்பிக் கொண்டனர். சுவை மிகுந்தது, ஆனால் எளிதில் வேகாதது. அதனைப் பொடியாக நுணுக்கி, நெடுநேரம் காய்ச்சினாலன்றி உண்ண முடியாது. இல்லாமையே இந்தச் சமையலுக்கு ஆசிரியனாய் அமைந்தது என்று கூறுதல் பிழையாகாது.

'ராகூ' என்னுஞ் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் பிரபுக்களின் மேசையில் இறைச்சியைச் சாற்றோடு வேகவைத்த பண்டத்துக்கு அப்பெயர் வழங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பொலோனியாவுக்கு அண்மையிலுள்ள இமோலா நகரின் ஆயர் கியாரமொந்தி என்பவர். 1800ஆம் ஆண்டில் ஏழாம் பத்திநாதர் என்னும் பெயருடன் பாப்பரசராகிய பெரியார் அவரே. அவருடைய சமையற்காரர் அல்பேர்த்தோ அல்வீசி, மக்கரோனியோடு ராகூவைச் சேர்க்கும் முறையை எழுதி வைத்தார். அவ்வாறு ஆயர் மனையில் இருந்த பண்டம், காலஞ்செல்ல நகரத்து இல்லங்களுக்கும் இறங்கி வந்தது.

அதனை நாடெங்கும் அறியச் செய்தவர் ஒரு வணிகர். அவர் பெயர் பெல்லெகிரீனோ ஆர்ட்டூசி. பொலோனியாவுக்குத் தென்கிழக்கே, பொர்லிம்போபொலி என்னும் சிற்றூரில், 1820ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 4ஆந் திகதி பிறந்தார். அவர் வாழ்வைத் திருப்பிய இரவு 1851ஆம் ஆண்டு சனவரி மாதம் 25ஆந் திகதி வந்தது. ஸ்தெபானோ பெல்லோனி என்னும் கொள்ளைத் தலைவன் தன் கூட்டத்தோடு அச்சிற்றூருட் புகுந்தான். அவ்வூர்ச் செல்வர்கள் நாடகம் பார்க்க அரங்கிற் கூடியிருந்தனர். அவர்களை அங்கேயே சிறைவைத்து, வீடுவீடாகக் கொள்ளையிட்டான். அவ்விரவில் நேர்ந்த கொடுமையால் ஆர்ட்டூசியின் தங்கை கேர்த்துருடே அறிவு பேதலித்தாள். அதன்பின் அக்குடும்பம் பிறந்த மண்ணை விட்டுப் புளோரன்சு நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வாணிகத்தில் வளமுற்ற ஆர்ட்டூசி, தொழிலை விட்டு ஓய்ந்தபின் நூல் எழுதுவதிலும் சமைப்பித்து உண்பதிலும் நாளைக் கழித்தார். பிறந்த ஊரின் உணவைப் பிற ஊரிலிருந்து நினைத்தவர் அவர் என்பதை இங்கு மறத்தலாகாது.

எழுபதாண்டு நிறைந்த முதுமையில், 1891ஆம் ஆண்டில், 'சமையலறையில் விஞ்ஞானமும் நன்கு உண்ணும் கலையும்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை எழுதி முடித்தார். பதிப்பிக்க முன்வருவார் இல்லை. தம் பணத்தைக் கொடுத்தே ஆயிரம் படிகளை அச்சிட்டார். தம் ஊரின் அறப்பணி விழாவொன்றுக்கு இரு படிகளை அன்பளிப்பாக அனுப்பினார். சீட்டு விழுந்து அவற்றைப் பெற்றவர்கள் நூலை எள்ளி நகையாடி, புகையிலைக் கடைக்கு விற்றுவிட்டனராம். இச்செய்தியை ஆர்ட்டூசியே தம் நூலின் பிந்திய பதிப்பொன்றின் முன்னுரையிற் கூறியிருக்கின்றார். ஆயினும் நூல் கைகைமாறி இல்லங்களுக்குட் சென்றது. முதற் பதிப்பில் 475 சமையல் முறைகள் இருந்தன. அவர் 1911இல் மறைந்தபோது அவை 790 ஆகப் பெருகியிருந்தன. பெருக்கியவர் அவர் மட்டுமல்லர். நாட்டின் பல திசைகளிலிருந்தும் இல்லத்தரசியர் அவருக்குக் கடிதம் எழுதினர். தம் ஊர்ச் சமையலைக் கூறினர். அவர் கூறியதில் உள்ள குறையைச் சுட்டினர். அவர் அவற்றைத் தம் வீட்டுச் சமையலறையிற் செய்வித்துப் பார்த்தே நூலிற் சேர்த்தார்.

இத்தாலி ஒரே அரசாக ஆனது 1861இல். அக்காலத்தில் அந்நாட்டு மக்களுள் பொது இத்தாலிய மொழியைப் பேசவல்லார் மிகச் சிலரே. வெனிசு நாட்டார் பேச்சு நேப்பிள்சு நாட்டாருக்கு விளங்கவில்லை. பண்டங்களின் பெயரும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆர்ட்டூசியின் நூல், எல்லா ஊரின் அடுக்களையையும் ஒரே மொழியிற் பேசவைத்தது. ஒரு நாட்டு மக்கள் தம்மை ஒரு நாட்டினராக உணர்வதற்குக் கவிஞரும் போர்வீரரும் செய்த தொண்டோடு, இந்நூல் செய்த தொண்டையும் இத்தாலிய அறிஞர் சேர்த்துப் பேசுகின்றனர்.

அந்நூலிலே 'பொலோனிய மக்கரோனி' என்ற தலைப்பில் ஒரு முறை உண்டு. கொழுப்பற்ற கன்றிறைச்சி 150 கிராம், உப்பிட்டு உலர்த்திய பன்றியிறைச்சி 50 கிராம், வெண்ணெய் 40 கிராம், சிறிது வெங்காயம், கரட், செலரித் தண்டு ஆகியவற்றைப் பொடியாக அரிந்து, வெண்ணெயிற் பொன்னிறமாக வதக்கி, சிட்டிகை மாத் தூவி, இறைச்சிச் சாறு விட்டு வேகவைக்கச் சொல்கின்றார். இன்று உலகோர் இக்குழம்பின் உயிராக எண்ணும் தக்காளி அதில் இல்லவேயில்லை. இதற்கு அவர் தெரிந்த மக்கரோனிக்குக் 'குதிரைப்பல்' என்று பெயர். முறையின் முடிவில் ஒரு சொல் வருகின்றது: மென்சுவை விரும்புவார், எல்லாம் முடிந்தபின், அரைக் கிண்ணம் பாலேடு சேர்த்துக்கொள்ளலாம் என்று. பாலேடு என்பது பாலின் மேலே திரண்டு நிற்கும் கொழுப்புப் பகுதி. சேர்க்கவேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. விரும்பினாற் சேர்க்கலாம் என்று விட்டார். பின்வந்த நூற்றாண்டில் எழுந்த வாதங்கள் பலவற்றுக்கு அந்த அரைக் கிண்ணமே வித்தாயிற்று.

இனி, ஓர் இல்லத்தில் இக்குழம்பு எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்று காண்போம். 1982ஆம் ஆண்டு ஏடு குறிக்கும் பொருள்களுள் முதன்மையானவை இவை: மாட்டிறைச்சி 300 கிராம்; பன்றியின் வயிற்றுப் பகுதியிலிருந்து எடுக்கும் கொழுப்பிறைச்சி 150 கிராம்; கரட் 50 கிராம்; செலரித் தண்டு 50 கிராம்; இவற்றோடு வெங்காயம், தக்காளி, புளிப்புத் திராட்சை மது, பால், உப்பு, மிளகு.

முதலிலே கொழுப்பிறைச்சியைப் பொடியாக அரிந்து, அடி கனத்த சட்டியில் இட்டு, இளந்தீயில் உருக்குவர். கொழுப்பு உருகியபின் வெங்காயமும் கரட்டும் செலரியும் அதில் விழும். அவை கருகுதல் ஆகாது, குழைந்து இனிக்கவேண்டும். பின்பு நுணுக்கிய மாட்டிறைச்சியை இட்டுத் தீயைச் சற்றே கூட்டுவர். இங்கே பொறுமையற்ற கை பிழைசெய்யும். இறைச்சியிலிருந்து முதலில் நீர் ஊறும். நீர் உள்ளவரையில் இறைச்சி அவியுமேயன்றிச் சிவவாது. நீர் முற்றாய் வற்றி, சட்டியில் சலசலப்பு அடங்கிப் பொரியும் ஓசை எழும்வரை கிளறிக்கொண்டிருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் வெப்பத்திற் கூடிப் புதிய மணத்தையும் பழுப்பு நிறத்தையும் தோற்றுவிக்கும். 1912ஆம் ஆண்டில் இம்மாற்றத்தை ஆராய்ந்து வெளியிட்ட மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் பெயரால் வேதியியலார் அதனை வழங்குகின்றனர். பொலோனியத் தாய்மாரோ அதனைக் காதினாற் கேட்டே அறிந்திருந்தனர்.

அதன்பின் மது அரைக் கிண்ணம் வார்த்து, அது ஆவியாகும்வரை விடுவர். பின் தக்காளி. தக்காளி வீழ்ந்தபின் தீயை மிகவும் தாழ்த்தி, மூடியை ஒருபுறம் சற்றே விலக்கிவைத்து, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காய்ச்சுவர். மூன்று மணி நேரம் விடுவாரும் உளர். குழம்பு கொதித்துத் துள்ளலாகாது. ஓரிடத்தில் ஒரு குமிழி எழுந்து உடைய, சிறிது பொறுத்து மற்றோரிடத்தில் ஒரு குமிழி எழவேண்டும். வற்றினால் இறைச்சிச் சாறு சிறிது வார்ப்பர். இடையிடையே பாலைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர்.

பால் எதற்கு என்பது அறியத்தக்கது. தக்காளியும் மதுவும் புளிப்புடையவை. அப்புளிப்பைப் பாலின் கொழுப்பும் புரதமும் தணிக்கின்றன. ஒருங்கே ஊற்றினாலோ, பெருந்தீயில் ஊற்றினாலோ, புளிப்புப் பட்டுப் பால் திரிந்துபோகும். சிறிது சிறிதாக இளஞ்சூட்டிற் சேர்த்தால் குழம்பினுள்ளே கரைந்து மறையும். உண்பவர் பாலை நாவில் அறியார். புளிப்பு அடங்கியிருப்பதை மட்டுமே அறிவர்.

நெடுநேரம் எதற்கு என்பதும் அறியத்தக்கதே. உழைத்த விலங்கின் தசையைப் பிணைத்து நிற்பது கொலாசன் என்னும் நார்ப்பொருள். விரைந்து சமைத்தால் அது தசையை மேலும் இறுக்கி, இறைச்சியை உலர்ந்த துகளாக்கிவிடும். தாழ்ந்த வெப்பத்தில் மணிக்கணக்காக ஈரத்தோடிருந்தால், அதே நார் இளகி, செலற்றின் என்னும் வழவழப்பான பொருளாக மாறிச் சாற்றோடு கலக்கும். ராகூவின் குழைவு பெரிதும் அங்கிருந்தே வருகின்றது. இன்று பல நாடுகளில் அரைமணி நேரத்தில் ஆக்கும் இறைச்சிப் பாஸ்தாவிற் பாலேட்டைத் தாராளமாக ஊற்றுகின்றனர். காலம் கொடுக்கவேண்டிய குழைவைப் பாலேட்டிடம் கடனாகப் பெறுகின்றனர் என்றே அதனைக் கூறல் வேண்டும். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளின் பசியாற்ற விரையும் தாய் அவ்வாறு செய்வதை இகழ்தல் தகாது. எனினும் கடன் கடனே என்பதை அறிந்து செய்தல் நன்று.

பன்றியிறைச்சியை விலக்கும் இல்லத்தார் அதன் கொழுப்புக்கு ஈடாக வெண்ணெயையும் ஒலிவ எண்ணெயையும் கூட்டுவர். மதுவை விலக்குவோர் இறைச்சிச் சாற்றைக் கொள்வர். நொத்தாரிசின் ஏட்டுக்கு அது புறம்பானதே. ஆயினும் இளந்தீயும் பாலும் நேரமும் குறையாதிருந்தால், குழம்பின் இயல்பு பெரிதும் கெடுவதில்லை.

சட்டி அடுப்பிலிருக்க, மேசையிலே மா பிசையப்படும். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, நீர் வேண்டுவதில்லை. மாவைக் குவித்து, நடுவே குழிசெய்து, முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைவர். பத்து நிமிடத்துக்கு மேலாகப் பிசைந்தபின், மூடி அரைமணி நேரம் ஆறவிடுவர். ஆறாத மா தேய்க்குந்தோறும் சுருங்கும். பிறகு நீண்ட உருளைக் கட்டையால் மெல்லிய தகடாகத் தேய்த்து, சுருட்டி, கத்தியால் அரிந்து உதறினால் நாடாக்கள் பிரியும். இவ்வேலையிற் கைதேர்ந்த பெண்களுக்கு 'ஸ்போலீனா' என்று பொலோனியாவில் ஒரு தனிப்பெயரே உண்டு. உப்பிட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடத்தில் நாடா வெந்துவிடும். வடித்த நாடாவைத் தட்டில் இட்டு அதன்மேற் குழம்பை ஊற்றுவதில்லை. குழம்பிருக்கும் சட்டியிலேயே நாடாவை இட்டு, வெந்த நீர் ஓரகப்பை விட்டுப் புரட்டுவர். அந்நீரிற் கரைந்திருக்கும் மாச்சத்தும் குழம்பின் கொழுப்பும் கூடி, நாடாவெங்கும் பளபளப்பாகப் படியும். இறுதியிலே பார்மிசான் பாற்கட்டியைச் சீவித் தூவி, ஆறுமுன் உண்பர்.

இந்தச் சுவையைக் கடல் கடந்து கொண்டுசென்றவர்களுள் ஒருவரை இங்கு நினைத்தல் பொருந்தும். மார்செல்லா ஹசான் அம்மையார் 1924இல் செசெனாத்திக்கோ என்னும் கடற்கரை ஊரிற் பிறந்தார். ஆர்ட்டூசி பிறந்த ஊருக்கு அது தொலைவன்று. இயற்கை விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மணம் முடித்து 1955இல் நியூயோர்க் நகருக்குச் சென்றபோது அவருக்குச் சமைக்கத் தெரியாது. மொழி தெரியாத ஊரில், தாய்வீட்டில் உண்ட சுவைகளை நாவில் நினைத்து நினைத்து ஒவ்வொன்றாக ஆக்கிப் பழகினார். 1973இல் அவர் வெளியிட்ட நூலைக் கண்டே அமெரிக்க நாட்டு இல்லங்கள் பல இத்தாலிய வீட்டுச் சமையலைக் கற்றன. அவர் இறைச்சியில் முதலிலே பாலை ஊற்றி அது வற்றியபின்னரே மதுவையும் தக்காளியையும் சேர்க்கச் சொன்னார். புளிப்புத் தாக்குமுன் பால் இறைச்சிக்குக் காப்பாக அமையும் என்பது அவர் கருத்து. பொலோனிய ஏடு கூறும் வரிசையினின்று இது வேறுபட்டது. இரண்டு வரிசையிலும் நல்ல குழம்பு வருகின்றது.

பிற நாடுகளில் இக்குழம்பை நூல்போன்ற ஸ்பகெற்றியின் மேல் ஊற்றிப் 'பொலோனிய ஸ்பகெற்றி' என்று வழங்குகின்றனர். பொலோனியருக்கு இது பெருங்குறை. 2019ஆம் ஆண்டில் அந்நகர முதல்வர் விர்ஜீனியோ மெறோலா, உலகின் பல ஊர்களில் அப்பெயரோடு விற்கப்படும் உணவின் படங்களைத் தமக்கு அனுப்புமாறு வேண்டி, அப்பெயர் பொய்யென்று நகைச்சுவையோடு எடுத்துரைத்தார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. வழுக்கும் மெல்லிய நூலில் இறைச்சித் துகள் தங்காது தட்டின் அடியில் எஞ்சும். அகன்று சொரசொரத்த முட்டை நாடாவிலோ அது பற்றி நிற்கும்.

ஆனால், பொலோனியரின் ஏடுதான் மாறாதிருந்ததோ? 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20ஆந் திகதி, அதே சமையற் கழகத்தார் அதே வர்த்தக சங்கத்தில் ஏட்டினைத் திருத்திப் பதிவு செய்தனர். மாட்டிறைச்சி 400 கிராமாகக் கூடிற்று. இறைச்சியை இன்ன இன்ன வகையிலும் கலக்கலாம் என்று இடங்கொடுக்கப்பட்டது. பாலோ, விரும்பினாற் சேர்க்கலாம் என்ற நிலைக்கு வந்தது. ஆர்ட்டூசி 1891இற் பாலேட்டைப் பற்றிச் சொன்ன அதே சொல்லை, நூற்று முப்பத்திரண்டு ஆண்டுக்குப் பின் கழகத்தார் பாலைப் பற்றிச் சொன்னார்கள். இல்லங்களிற் சமையல் மாறியதைக் கண்டே ஏடு மாற்றப்பட்டது. நொத்தாரிசின் முத்திரை இல்லத்தாளின் அகப்பைக்குப் பின்னேதான் நடந்து செல்கின்றது.

அப்படியாயின் ஏடு எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை தமிழிலேயே இருக்கின்றது. சமையலிற் சிறந்த வீமன் செய்த நூலொன்று இருந்ததாகச் சிறுபாணாற்றுப்படை குறிக்கின்றது. அந்நூல் வழுவாமல் ஆக்கிய பல்வேறு அடிசிலை ஓய்மானாட்டு நல்லியக்கோடன் பாணருக்குப் பரிந்து ஊட்டினான் என்பர். அந்த விருந்தின் புகழ் கிடைத்திருக்கின்றது. அதனை ஆக்கிய முறை கிடைக்கவில்லை. என்ன பொருளை எவ்வளவு கொண்டனர், எவ்வளவு நேரம் வேகவைத்தனர் என்பதை இன்று எவரும் அறியார். எழுதப்படாத சமையல், ஆக்கிய கையோடு மறைந்துபோகின்றது. எழுதப்பட்ட சமையலோ, மாறுவதற்காயினும் உயிரோடிருக்கின்றது.

ஆர்ட்டூசி மணம் செய்யாதவர். அவர் நூலிலுள்ள முறைகளை அடுப்பில் ஆக்கிப் பார்த்து உதவியவர்கள், அவர் வீட்டிற் பணிபுரிந்த பிரான்செஸ்கோ றுபில்லி என்பவரும், மரியெத்தா சபத்தீனி என்னும் பெண்மணியும் ஆவர். மரியெத்தாவின் பெயரால் ஒரு பண்டத்தையும் அந்நூலிற் சேர்த்தார். இறக்கும்போது நூலின் உரிமையை அவ்விருவருக்கும் எழுதி வைத்தார். அறிவு எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதன் பயன் சென்று சேரவேண்டும் என்று அவர் எண்ணினார் போலும். பொர்லிம்போபொலியில் இன்று அவர் பெயரால் ஒரு மனை இருக்கின்றது. 2007ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அங்கே ஊர்ப்பெண்கள் மாப் பிசைவதையும் நாடா தேய்ப்பதையும் விருந்தினருக்குக் கற்பிக்கின்றனர். மரியெத்தாவின் பெயராலேயே அங்குப் பெண்களின் சங்கமொன்றும் இயங்குகின்றது.

பொலோனியாவின் பொன் நாடா பேழையில் இருக்கட்டும். அதனை எவரும் உண்ணப் போவதில்லை. நல்லியக்கோடன் ஊட்டிய அடிசில் போல இன்னும் எத்தனையோ அடிசில் இந்நாட்டு இல்லங்களில் எழுதப்படாமல் இருக்கின்றன. இறைச்சிக் குழம்பாயினும் ஆகுக, மரக்கறியாயினும் ஆகுக, பாட்டியின் கையளவில் நிற்கும் ஒரு பண்டத்தை, அவர் அடுப்படியில் இருக்கும்போதே பேரப்பிள்ளை ஒருவர் அருகிருந்து, எத்தனை பிடி, எத்தனை நாழிகை, எந்த ஓசை எழும்போது இறக்குவது என்று கேட்டு எழுதிக்கொள்வாராயின், அந்தக் கொப்பி அவ்வீட்டாருக்குப் பொன் நாடாவினும் பெரிதாய்ப் பயன்படும்.